எட்டுப் பூஜ்யங்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பஞ்சாங்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. கூப்பிடுவதற்கு அது யாருக்கும் தேவைப்படவில்லை. பழைய எமுலேட்டர் வெர்ஷன்களில் எதில் என்ன கோளாறு, அந்தக் கோளாறை நம்பி எது பிழைப்பு நடத்துகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதற்காக வைத்த பெயர். வைத்தது அவள் கணவன்தான், கல்யாணத்துக்கு முன்னால், இதே அலுவலகத்தில் எதிர் மேஜையில் உட்கார்ந்து அவளை வம்பிழுத்துக்கொண்டிருந்த காலத்தில். பெயரை ஒட்டிவிட்டு ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், தூங்குகிற குழந்தையை மடி மாற்றுகிற வேலை என்பாள். ஒரு பெரிய கணினிக்குள் பல சின்னக் கணினிகள் ஓடுகின்றன. அவற்றுக்கு உடம்பு கிடையாது. எமுலேட்டர் என்கிற மென்பொருள், 'இதோ உன் மெமரி, இதோ உன் கடிகாரம், இதோ உன் நெட்வொர்க் கார்டு' என்று பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை நம்பி அவை பாட்டுக்கு வாழும். கீழே இருக்கும் நிஜ இயந்திரம் கிழடு தட்டிவிட்டால், உள்ளே ஓடுவதை நிறுத்தாமல் அப்படியே புது இயந்திரத்துக்கு நகர்த்த வேண்டும். குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாது. அதனால் புது எமுலேட்டர் பழையதைப் போலவே நடிக்க வேண்டும். அதே இடத்தில் கதவு, அதே இடத்தில் ஜன்னல், பழைய கூரையில் ஓட்டை இருந்தால் அதே இடத்தில் ஓட்டை. அந்த நடிப்பில் பிசகு வராமல் பார்ப்பதுதான் பஞ்சாங்கத்தின் உத்தியோகம். பழசைத் திருத்த முடியாது, புதுசுதான் வளைந்து கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் பிரிவின் வேதவாக்கு.

கணவன் இருந்தது பழைய ஹாலில். ரயிலில் ஒரு முழுப் பகல் போக வேண்டிய தூரம். கம்பெனியின் ஆதிகாலத்து சர்வர்கள் எல்லாம் அங்கேதான் வரிசையாக நின்றன. அவற்றில் ஓடுகிறதையெல்லாம் ஒன்றொன்றாகப் புது ஹாலுக்கு, அதாவது அவள் பக்கத்துக்கு, அனுப்பிவிட்டு, சர்வர்கள் அடுக்கிய ரேக்குகளைக் காலியாகக் காலியாக அணைத்துவிட்டு, கடைசியில் விளக்கையும் அணைத்துவிட்டு வீடு திரும்புவதாக ஏற்பாடு. ஆறு மாதம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆறு மாதம் வருஷமாகி, வருஷம் இன்னொன்றைப் பெற்று, அதுவும் வளர்ந்துவிட்டது.

இருவரும் தினமும் பேசினார்கள், அதில் குறைவில்லை. ஆனால் வேலை நேரத்து லைனில் எல்லாப் பேச்சும் பதிவாகும். ஆகவே அதில் அவன் சார், அவள் மேடம்.

"மேடம், அடுத்தது அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார். இங்க ரெடி."

"போகுது மேடம். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் சார். நீங்க ஸ்க்ரீனைப் பாருங்க."

இந்தச் சாருக்கும் மேடத்துக்கும் நடுவே எவ்வளவு ஆசையைத் திணிக்க முடியுமோ அவ்வளவையும் திணித்தார்கள். மாலையில் சொந்த போனில் பேசும்போதும் அவன் பெரும்பாலும் ஹாலில்தான் இருப்பான். அவன் பின்னால் நூற்றுக்கணக்கான ஃபேன்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அதற்கு மேலே கேட்க வேண்டும் என்று அவன் கத்திக் கத்தியே பேசுவான். 'உன்னை நெனச்சுகிட்டேன்' என்பதைக்கூட லாரியைப் பின்னால் வரச் சொல்கிறவன் மாதிரி கத்துவான். அவன் பேச்சை நிறுத்தினால் இரைச்சல் மட்டும் கேட்கும். அழுகிறானா, யோசிக்கிறானா, கொட்டாவி விடுகிறானா, ஒன்றும் தெரியாது. அவளுக்கு அதுதான் பெரிய ஏக்கமாக இருந்தது. பேச்சு கிடைத்தது, அவன் சும்மா இருப்பது கிடைக்கவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதை. ஒரு நகரத்தின் குடிநீர் பம்புகளை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று பார்த்துக்கொள்கிற சின்னக் கணினி அது. அதை எழுதியவர்கள் போன இடம் தெரியவில்லை. ஒரு தடவை நிறுத்தினால் மறுபடி எழுந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. நிறுத்தவே கூடாது என்று தண்ணீர்க்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஓடுகிறபடியே தூக்கி வர வேண்டும். அது வந்துவிட்டால் அவனும் வந்துவிடுவான்.

அது வர மறுத்தது.

நகர்த்தும் முறை இதுதான்: ஓட ஓடவே மெமரி முழுவதையும் அங்கிருந்து இங்கே நகல் எடுப்பார்கள். கடைசியில் கண் இமைக்கும் நேரம் அதை நிறுத்தி, கடிகாரம் இந்த நிலையில் இருக்கிறது, நெட்வொர்க் கார்டு இந்த நிலையில் இருக்கிறது என்று கருவி கருவியாகப் பழைய பக்கம் சொல்லும். புதுப் பக்கம் வாங்கி வைத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். தண்ணீர்க் கணினி விஷயத்தில் எல்லாம் சுமுகமாகப் போய், நெட்வொர்க் கார்டின் முறை வந்ததும் புதுப் பக்கம் 'இது எனக்குப் புரியவில்லை' என்று கதவைச் சாத்தியது. ஆபத்து ஒன்றுமில்லை. அந்தச் சின்னக் கணினி எதுவும் நடக்காதது மாதிரி பழைய ஹாலிலேயே தொடர்ந்து ஓடியது. பஞ்சாங்கம் நெட்வொர்க் கார்டின் நிரலை வரி வரியாகப் பிரித்து மேய்ந்தாள். ஒரு குற்றமும் இல்லை. மறுபடி முயன்றார்கள். மறுபடி அதே இடத்தில் கதவு சாத்தப்பட்டது.

மேலாளர் நல்ல மனிதர்தான். கெட்ட சேதியைக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார். அன்று அவளைக் கூப்பிட்டுப் பெரிய கப்பில் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"பழைய ஹாலோட குத்தகை முடியப்போகுது. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். இது நகரலைன்னா குத்தகையை நீட்டிட்டு அங்கேயே ஓட்டலாம்னு மேல பேசிக்கிறாங்க. தண்ணிக்காரங்க புதுசா எழுதி முடிக்கிற வரைக்கும்."

"எப்ப முடிப்பாங்களாம்?"

"ரெண்டு வருஷம்னு சொல்றாங்க."

"அப்ப நாலு."

அவர் மறுக்கவில்லை. "ஹாலைப் பாத்துக்க ஆள் வேணும். அவரை விட்டா அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு, பஞ்சாங்கம்."

அன்று மாலை அவனிடம் சொன்னாள். அவன் கொதிப்பான், மேலாளரைத் திட்டுவான், இருவரும் சேர்ந்து திட்டலாம் என்று மனசைத் தயார் செய்துகொண்டுதான் போனை எடுத்தாள்.

"ஆகட்டும்," என்று ஃபேன் சத்தத்துக்கு மேலே கத்தினான் அவன். "இருந்துட்டுப் போறேன். நமக்கென்ன இது புதுசா?"

"நாலு வருஷம்டா!"

"என்ன பண்றது? பழகிடுச்சுல்ல."

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும் காதில் ஓடியது. போனை வைத்த பிறகு வெகுநேரம் சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் நின்றாள். யாரோ ஒரு ஊரின் தண்ணீர்க் குழாய்க்காகத் தன் வாழ்க்கை வறண்டு கிடக்கிறது, அதை இவன் பஸ் தாமதமாவது மாதிரி சொல்கிறானே என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. இவனுக்கு வர ஆசை இல்லையோ?

யோசித்துப் பார்த்தால் போன தடவை லீவில் வந்தபோதே ஏதோ சரியில்லை. ஸ்பூனைப் பழைய டிராயரில் தேடினான். அது இப்போது வேறு இடத்தில் இருந்தது. துண்டு எங்கே என்று கேட்டான். "விருந்தாளி மாதிரி கேக்காத, எடுத்துக்கோ," என்று அவள் சிரித்தாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டான். "ஹால்ல நின்னுகிட்டே சாப்பிட்டுப் பழகிடுச்சு," என்றான். அவளும் அதை நம்பினாள். பிறகு ஏதோ ரேக் படுத்துவிட்டது என்று சொல்லி லீவு முடியும் முன்பே கிளம்பினான். போகாதே என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு என்றுதான் சொன்னாள்.

மறுநாள் அலுவலகம் விட்டு வரும் வழியில் நாத்தனார் வீட்டில் இறங்கினாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நாத்தனாருக்கு வாய் ஜாஸ்தி, மனசு சுத்தம். துக்கம் சொல்லி அழ அவளை விட்டால் வேறு ஆளும் இல்லை. கதவைத் திறந்ததும் ஜன்னலோரம் அந்த நாற்காலி கண்ணில் பட்டது. கைப்பிடி வைத்த அகலமான மர நாற்காலி. ஒரு கால் கொஞ்சம் குட்டை.

அது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவனுடைய நாற்காலி. அவன் போன முதல் வருஷம் முழுவதும் அவள் அதற்கு எதிரே உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். ஒரு நாள், சோற்றைப் பிசைந்த கையோடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, சாப்பாடு ஆறி, தட்டை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாள். மறுநாளே நாத்தனாரைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். அந்த இடத்தில் செடித்தொட்டிகளுக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கிப் போட்டாள். செடிகள் நன்றாக வந்தன.

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. போன தடவை அண்ணன் ஊருக்குக் கிளம்புறேன்னு சொல்லிட்டு இங்கதான் வந்துச்சு. இந்த நாற்காலியைப் பாத்துட்டு, 'அட, நீ இங்கயா இருக்க'ன்னு அதுகிட்ட பேசிச்சு. ரயில் நேரம் வரைக்கும் இதுலயே உக்காந்திருந்துச்சு."

"என்கிட்ட ரேக் படுத்துடுச்சுன்னு சொன்னானே."

"ரேக்கும் இல்ல, கீக்கும் இல்ல. 'அங்க வீட்டுல எனக்கு உக்கார எடம் இல்ல, அவ நல்லா செட் ஆயிட்டா, நான்தான் குறுக்க நிக்கிறேன்'னு சிரிச்சுகிட்டே சொல்லிச்சு. நான் காப்பி போட்டுக் குடுத்தேன். வேற என்ன பண்ண?"

அவள் வீட்டுக்கு நடந்தாள். அடையாளம், சகுனம் இதிலெல்லாம் நம்பிக்கை உள்ளவள் இல்லை அவள். வழியெல்லாம் மனசுக்குள் அவனோடு சண்டைதான் போட்டாள். நான் என்ன உன்னையா தூக்கிக் கொடுத்தேன்? காலி நாற்காலியைத்தானே கொடுத்தேன். அதில் யார் உட்கார்ந்தார்கள்? யாரும் இல்லை. யாருக்கும் பயன்படாத ஒன்றை எடுத்தேன், அது ஒரு குற்றமா?

யாருக்கும் பயன்படவில்லை, எடுத்துவிட்டேன். இதே வார்த்தையை முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறோமே என்று தோன்றியது. மருந்துக்கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஒருவர் அவள் மேல் மோதி, அவரே மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனார்.

அவன் ஊருக்குப் போன புதிதில், தூக்கம் வராத ஆத்திரத்தில், பழைய நிரலையெல்லாம் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பழங்காலத்துக் கடிகாரக் கார்டு அகப்பட்டது. அதன் நிலையைச் சொல்லும் வரிசையில் கடைசியாக எட்டு பைட். ஏதோ ஒரு காலத்தில் எதையோ எண்ண வைத்த இடம். பல வெர்ஷன்களாக அதில் வெறும் பூஜ்யம்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கார்டை வைத்திருக்கும் சின்னக் கணினி ஒன்றுகூட இல்லை என்றது அலுவலகக் கணக்கு. சரி என்று வெட்டிவிட்டாள். கணக்கு எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கியது ஒன்று உண்டு. அதுதான் தண்ணீர்க் கணினி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

பழைய பக்கத்துக்கு இது எதுவும் தெரியாது. அது வழக்கம்போலக் கடிகாரத்தின் விவரம் சொல்லி, கடைசியில் எட்டுப் பூஜ்யங்களையும் அனுப்பியது. புதுப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. அந்தப் பூஜ்யங்கள் அடுத்து நிற்கும் நெட்வொர்க் கார்டின் தலையில் விழுந்தன. அது தன் விவரம் என்று அவற்றைப் படித்துவிட்டு, புரியவில்லை என்று அலறியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் அப்பாவி நெட்வொர்க் கார்டைப் போட்டு நாள் கணக்கில் உலுக்கியிருக்கிறாள்.

காலையில் முதல் ஆளாகப் போய்ச் சோதனைக்கு அதே மாதிரி ஒரு பழைய கணினியை ஓடவிட்டு, கடிகாரக் கார்டை மாட்டி நகர்த்திப் பார்த்தாள். அச்சாக அதே அலறல். வெட்டிய இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். அதன் அர்த்தம் இதுதான்: இங்கே எட்டு பைட் காலி, வந்தால் வாங்கிக் கீழே போடு, போகும்போது எட்டுப் பூஜ்யம் வைத்து அனுப்பு. மறுபடி நகர்த்தினாள். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். மேலாளர் அந்தப் பக்கம் வந்தவர், பார்த்துவிட்டு, காப்பி வாங்கப் போய்விட்டார்.

தண்ணீர்க்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு தடவை போனால் போதாது. போய், திரும்பி வந்து, மறுபடி போய்க் காட்ட வேண்டும் என்றார்கள். நாளைக்குப் புது இடத்தில் ஏதாவது என்றால் பழைய இடத்துக்கு ஓடி வர வழி இருக்க வேண்டுமே. நியாயம்தான். வெள்ளிக்கிழமை, தொட்டிகள் நிரம்பிப் பம்புகள் ஓய்ந்திருக்கும் மத்தியான வேளையில் ஆரம்பித்தார்கள்.

"மேடம், அனுப்பட்டுமா?" அவன் குரலில் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை.

"அனுப்புங்க சார்."

வந்தது. நெட்வொர்க் கார்டு வாயே திறக்கவில்லை.

"வந்துடுச்சு சார். இப்ப திருப்பி அனுப்புறேன்."

அவள் தன் விரலாலேயே அதைத் திருப்பி அனுப்பினாள். வீடு வரை வந்ததை வாசலோடு திருப்பி அனுப்புவது மாதிரிதான் இருந்தது. எட்டுப் பூஜ்யங்களோடு அது பழைய ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தது. பழையது ஒரு வித்தியாசமும் காணாமல் வாங்கிக்கொண்டது. பிறகு மூன்றாம் தடவையாக, கடைசியாக, இங்கே வந்தது. எங்கோ ஒரு நகரத்தில் யாரோ குழாயைத் திறந்து கை கழுவியிருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"மேடம்," என்றான் அவன். அப்புறம் வெறும் இரைச்சல்.

தண்ணீர்க்காரர்களுக்குத் திருப்தி வரச் சில நாள் பிடித்தது. அதற்குள் அவள் நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குற அண்ணியை இப்பதான் பாக்குறேன்," என்று நாத்தனார் நொடித்தாள். ஆனால் நாற்காலியின் மறுபக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டு இரண்டு தெருவும் கூட நடந்து வந்தாள். நாத்தனாரின் வீட்டுக்காரர் குட்டைக் காலுக்கு ரப்பர் அடித்து நேராக்கி வைத்திருந்தார். பஞ்சாங்கம் அந்த ரப்பரைப் பிடுங்கிவிட்டு, அவன் எப்போதும் செய்கிற மாதிரி அட்டையை மடித்து வைத்தாள். கொஞ்சம் அதிகம்தான். தொழில் புத்தி அப்படி. செடிகளை அவள் தூக்கிப் போடவில்லை. ஸ்டாண்டை ஜன்னல் பக்கம் தள்ளினாள். இடம் நெருக்கடியாகிவிட்டது. அன்று மட்டும் நாலு தடவை நாற்காலியில் முட்டி இடித்துக்கொண்டாள். இடித்த ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருந்தது.

ஹாலை அணைக்கும் நாள் வந்தது. எல்லாம் பதிவாகும் லைனில் அவன் ஒவ்வொரு ரேக்காக எண் சொல்லி அணைத்தான். அவள் இந்தப் பக்கம் சரி பார்த்தாள்.

"பதினொண்ணு ஆஃப், மேடம்."

"சரி சார்."

ரேக் போகப் போக இரைச்சல் மெலிந்தது. வருஷக்கணக்காக அவன் குரலுக்குப் பின்னால் ஓடிய சத்தம், குழாயை இறுக்குவது மாதிரி சுருங்கிச் சுருங்கி வந்தது. கடைசி ரேக்கின் ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன.

"கடைசியும் ஆஃப் மேடம்!" என்று கத்தினான்.

வெறும் ஹாலில் அது எதிரொலித்தது. அவனே திடுக்கிட்டான் போல.

"நான் கத்திட்டா இருக்கேன்?" என்று மெல்லக் கேட்டான். அந்த மெல்லிய குரலை அவள் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று.

"இவ்வளவு நாளாக் கத்திட்டுதான் இருந்த," என்றாள். சார் போன இடம் தெரியவில்லை. பதிவாகட்டும், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். "உன் நாற்காலியைத் திருப்பி வாங்கிட்டேன்."

"எதை?"

"உன்னோடதைத்தான். கால் குட்டையா இருக்குமே, அது."

அவன் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை நடுவே எந்தச் சத்தமும் இல்லை. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சியது கேட்டது. அழுகிறான். அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எங்க போட்டிருக்க?" என்றான் கடைசியில்.

"இருந்த எடத்துலயேதான்," என்றாள் அவள். "விளக்கை அணைச்சுட்டு வா."